சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

வேரும்விழுதும்:
பெருங்குடல் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் கீமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்; வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து சர்க்கரையைத் தொட்டதில்லை. பால், முட்டை, இறைச்சி எதுவும் இல்லை. காலையில் கேரட், பீட்ரூட் சாறு, பகலில் பெரும்பாலும் பச்சைக் காய்கறி. உடம்பைக் காரத்தன்மையில் வைத்திருந்தால் புற்றுநோய் அண்டாது என்பதை வாழ்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன். புற்றுநோய் செல் சர்க்கரையைத் தின்று வளர்கிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டிவிட்டார். 1931-இல் நோபல் பரிசு வாங்கிய ஆள் அவர்.

இதையே வேறொரு இழையில் எழுதியதற்கு என்னைக் கொலைகாரன் என்றார்கள். எனக்கு அறுவை செய்த மருத்துவரிடம் "இனி என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டேன். கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "எது வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்" என்றார். குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்த மனுஷனுக்கு இதுவா பதில்? அன்றுதான் நானே தேட ஆரம்பித்தேன்.

இந்த முறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: முதல் வாரத்தில் மலம் சிவப்பாகப் போகும். பீட்ரூட்தான். எனக்கு இப்போதும் அவ்வப்போது அப்படிப் போகிறது. பயப்பட வேண்டாம்.

இரவுப்பணி:
புற்றுநோய் வார்டில் பதினாலு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். ஐயா, நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மனசார மகிழ்ச்சி. ஆனால் இரண்டாம் நிலை என்றால் நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் பெரும்பாலானவர்களுக்கு அறுவையே நோயைத் தீர்த்துவிடுகிறது. கீமோவால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால்தான் உங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். அறுவை செய்த வேலையை நீங்கள் சாற்றின் கணக்கில் எழுதுகிறீர்கள்.

வார்பர்க் பார்த்தது உண்மைதான். பல புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கும். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் அதனால்தான். ஆனால் அவருக்கு நோபல் கிடைத்தது செல்களின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. நீங்கள் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் நிறுத்தாது. தசையில் இருக்கும் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். கட்டிக்கு முன்னால் பட்டினி கிடப்பது உங்கள் தசை. காரத்தன்மையும் அப்படித்தான். ரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. சாப்பாட்டால் மாறுவது சிறுநீரின் பிஹெச்தான்.

ஒரு அம்மா எங்கள் வார்டுக்கு வந்தார். இரண்டு மாதத்தில் 54 கிலோவிலிருந்து 45 கிலோ. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தார். சர்க்கரை, பால், முட்டை எல்லாவற்றையும் யாரோ சொல்லி நிறுத்தியிருந்தார். அன்று போட வேண்டிய கீமோவைப் போட முடியவில்லை, உடம்பு தாங்காது. "நான் சாப்பிட்டால் அதுக்குத்தானே தீனி போடுகிற மாதிரி" என்றார். அந்தப் பயத்தை அவருக்குள் போட்டது நோய் இல்லை.

தீப்பொறி:
இப்படி எழுதுபவர்களை இங்கே அனுமதிக்கவே கூடாது. நிர்வாகிகள் இந்த இழையை மூட வேண்டும்.

இளையவள்:
மூட வேண்டாம். நான் ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே அறுவைக்கு வழியில்லை என்றார்கள். அண்ணன் ராத்திரி பகலாகத் தேடிப் படித்து ஒரு அட்டவணை போட்டான். மணிக்கு ஒரு டம்ளர் சாறு, காப்பி எனிமா, கை நிறைய நொதி மாத்திரை. அவன் வெளியே போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஒரு முட்டை அவித்து உப்புப் போட்டுக் கொண்டு வாடி" என்பாள். விலங்குப் புரதம் விஷம் என்று அட்டவணையில் எழுதியிருந்தது. எனக்குப் பயம். இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் அந்த மிக்சியை அவன் தூக்கிப் போடவில்லை, தொடுவதும் இல்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்று துடித்த பிள்ளைக்கு யாரும் சரியான வேலையைக் கொடுக்கவில்லை.

வேரும்விழுதும்:
தங்கச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கீமோ மருந்துகளையே பாருங்கள். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. பாக்லிடாக்செல் யூ மரப் பட்டையிலிருந்து வந்தது. செடியில் மருந்து இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதையே நான் இலையாகச் சாப்பிட்டால் மூடநம்பிக்கையா? கேரட்டுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் யாரும் காசு போட்டு ஆராய மாட்டார்கள்.

எண்ணிப்பார்:
ஆராய்ந்திருக்கிறார்கள் அண்ணா, நீங்கள் நினைப்பதைவிட நிறையவே. முதலில் அந்தச் செடி விஷயம். நித்தியகல்யாணியின் இலையில் வின்கிரிஸ்டின் துளியூண்டு, மற்ற நச்சுகளோடு கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்து, எடையும் உயரமும் பார்த்து மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றினால்தான் மருந்து. இலையாகத் தின்றால் விஷம் மட்டும்தான்.

கசப்புப் பாதாம், ஆப்ரிகாட் கொட்டைகளில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருளை 'வைட்டமின் பி17' என்று சொல்லிப் புற்றுநோய்க்கு விற்றார்கள். அது வைட்டமினே இல்லை. அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை முன்னின்று 178 பேருக்கு, அதை விற்றவர்கள் சொன்ன உணவோடும் வைட்டமினோடும் சேர்த்தே கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் குணமாகவில்லை. சிலருக்கு அதிலிருந்து உண்டான சயனைடு ரத்தத்தில் ஆபத்தான அளவை நெருங்கியது.

பீட்டா கரோட்டின், உங்கள் கேரட்டில் இருக்கும் அதே பொருள். மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். காய்கறி வேறு, அதிலிருந்து பிரித்த மாத்திரை வேறு என்று அன்றுதான் உறைத்தது.

இளையவள் சொன்ன நொதி, காப்பி எனிமா முறையையும் கணையப் புற்றுநோய்க்காரர்களிடமே கீமோவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். எந்தச் சிகிச்சை என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். கீமோ எடுத்தவர்களில் பாதிப் பேர் 14 மாதம் தாண்டினார்கள். மற்ற முறைக்குப் போனவர்களுக்கு அதே கணக்கு 4.3 மாதம்.

இன்னும் பரவாத, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். 2018-இல் வந்தது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேல். செத்துப்போனவர்கள் இழைக்கு வந்து எழுத மாட்டார்கள் அண்ணா. அதனால்தான் உங்களைப் போன்றவர்களின் குரல் மட்டும் கேட்கிறது.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2025-இல் வெளியானது. பாதிப் பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு அறிவுரைக் கையேடு மட்டும். எட்டு வருட முடிவில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு, மற்றவர்களில் 83. வாழ்முறைக்குப் பலன் உண்டு என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஆனால் அது கீமோவுக்குப் பதிலாக வரவில்லை, கீமோவுக்குப் பின்னால் வந்தது. உணவில் இப்படிப் பளிச்சென்று எதுவும் கிடைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட 3,088 பெண்களில் பாதிப் பேரைக் காய்கறியும் பழமும் நிறைய, கொழுப்புக் குறைவாகச் சாப்பிட வைத்து ஏழு வருடம் பார்த்தார்கள். நோய் திரும்பி வருவதில் வித்தியாசமே இல்லை.

நாலாம்நிலை:
மார்பகத்தில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது, நாலு வருடமாக அதோடு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் 'குணம்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு அந்தச் சொல் இல்லை.

தீப்பொறிக்கு: இந்த ஐயாவை இங்கிருந்து விரட்டினால், இவர் சொல்வதை மட்டும் கேட்கும் இடத்துக்குப் போவார். நானும் அப்படி ஒரு இடத்தில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே என்னிடம் அன்பாகப் பேசினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் இருந்தேன், சாற்றுக்காக இல்லை.

பிறகு வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவில் சேர்த்தார்கள். கடைசி நேரத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன், தப்பு. நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களுக்கு ஆரம்பத்திலேயே அந்த உதவியைச் சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வு குறைந்தது, சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள் என்று 2010-லேயே வந்திருக்கிறது. முதல் நாள் அந்த மருத்துவர் என்னிடம் கேட்டது: "எது சாப்பிட்டால் உங்களுக்கு ருசிக்கிறது?" கீமோவில் எல்லாமே இரும்பு மாதிரிதான் ருசிக்கிறது என்றேன். மரக் கரண்டியால் சாப்பிடச் சொன்னார், எல்லாவற்றையும் ஆற வைத்து. வாந்திக்கு மாத்திரையோடு அக்குபஞ்சரும் செய்துகொண்டேன், அவர் தடுக்கவில்லை. அந்தக் கரண்டி இன்னும் என் பையில் இருக்கிறது.

வேரும்விழுதும்:
அப்படி ஒரு மருத்துவர் எனக்கு வாய்த்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன் அம்மா.

கீமோவை மறுக்கச் சொல்லி எழுதிய என் பழைய பதிவுகளை எடுத்துவிடுகிறேன். என் நிலை வேறு, மற்றவர்கள் நிலை வேறு என்பது புரிகிறது. ஆனால் என் சாப்பாட்டை மாற்ற மாட்டேன். சர்க்கரையை விட்டதில் எனக்கு நன்மைதான்.

இரவுப்பணி:
மாற்ற வேண்டாம் ஐயா. சிகிச்சை முடிந்து, எடையும் குறையாமல் இருப்பவர் சர்க்கரையைக் குறைப்பதில் தப்பே இல்லை. முட்டையும் பாலும் இல்லையென்றால் புரதத்தை மட்டும் வேறு வழியில் சரிக்கட்டுங்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை என்று சொல்வோம். மூலிகை மாத்திரை எடுப்பவர்கள் தயவுசெய்து மறைக்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒன்று மனச்சோர்வுக்கு விற்கிறார்கள்; குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடிகான் ரத்தத்தில் வேலை செய்ய வேண்டிய அளவை அது இறக்கிவிடும். திட்ட மாட்டோம், சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை நேற்று ராத்திரி தூங்க விடவில்லை. மலம் சிவப்பாகப் போகிறது, பீட்ரூட்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பீட்ரூட்டாக இருக்கலாம். ரத்தமாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி கடைசியாக எப்போது செய்தீர்கள்?

வேரும்விழுதும்:
அறுவை முடிந்து ஒரு வருடத்தில் ஒன்று. அதற்கப்புறம் போகவில்லை.

இரவுப்பணி:
முதலாவது நன்றாக இருந்தால் அடுத்தது மூன்று வருடத்தில் செய்திருக்க வேண்டும். இரண்டு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. பீட்ரூட்டை இன்றே நிறுத்திப் பாருங்கள். நிறம் நின்றாலும் நிற்காவிட்டாலும் பரிசோதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

வேரும்விழுதும்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சாற்றை நிறுத்தியும் நேற்றுக் காலை கொஞ்சம் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன், வேறு மருத்துவரிடம். அவரிடமும் என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன். ஒரு தாளைக் கையில் கொடுத்தார், இன்னும் படிக்கவில்லை. தனியாகப் போகக் கூடாதாமே?

இரவுப்பணி:
ஆமாம், மயக்க மருந்து கொடுப்பார்கள், யாராவது கூட வர வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். தாளில் இருப்பதுதான் கணக்கு. பொதுவாக மூன்று நாள் முன்பே பச்சைக் காய்கறி, விதை, தோலோடு பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். குடலில் நார் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. முந்தின நாள் முழுக்கத் தெளிவான திரவம் மட்டும். வடிகட்டிய ஆப்பிள் சாறு குடிக்கலாம். சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம். மருந்து கலந்த தண்ணீர் குமட்டும், குளிர வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இளையவள்:
அண்ணா, செவ்வாய்க்கிழமை முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.