100 வாட் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 50 வாட்டை விட இரண்டு மடங்கு சத்தமா?

பின்திறப்பு:
நேற்று ஒருவர் புதிதாக வாசிக்க வந்த பையனுக்குச் சொன்ன அறிவுரை: "டிரம்ஸ் சத்தத்தில் கிட்டார் கேட்கவில்லையா? 50 வாட்டை விற்றுவிட்டு 100 வாட் வாங்கு, இரண்டு மடங்கு சத்தம் வரும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது 500 வாட். பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் 98 டெசிபெல், அதே கம்பெனியின் விண்டேஜ் 30 என்றால் 100. ஆம்பைத் தொடாமலே 2 டெசிபெல் கிடைத்துவிடுகிறது.

நாலுபன்னிரண்டு:
அதைச் சொன்னவன் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். நான்கு இஎல்34 பவர் டியூப் உள்ள ஆம்பில், பின்பக்கம் மூடிய 4x12 கேபினெட்டில் (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி), தடித்த ஈ கம்பியை அடித்துவிட்டு அதன் முன்னால் நின்றிருக்கிறீர்களா? கால்சட்டை படபடக்கும். இரண்டு டியூப் ஆம்பில் அதே சுரம் குழைந்துபோகும். காகிதத்தில் கணக்குப் போடுபவர்களுக்கு இது புரியாது.

பின்திறப்பு:
படபடக்கட்டும். 3 டெசிபெல்தான்.

சாலிடர்கை:
100 வாட்டில் சிதையாத சத்தத்துக்கு இடம் அதிகம், கீழ் ஸ்தாயி இறுக்கமாக நிற்கும். அவர் கேட்டது அதைத்தான். ஆனால் ஒன்று: கிரீன்பேக் ஒவ்வொன்றும் 25 வாட், நான்கு சேர்ந்தால் சரியாக 100. 100 வாட் ஆம்பை முழுவதும் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகி, வெளிவருவது 100ஐத் தாண்டிவிடும். வாய்ஸ் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கருகிய ஸ்பீக்கர்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்புறம், 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராக முன்னால் மட்டுமே போகும். தரையில் கிடக்கும் கேபினெட் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. காது உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு வாட்டைப் பற்றிப் பேசலாமே.

பின்திறப்பு:
கடைசி வரி அருமை. நடுவில் அவருக்கு முட்டுக்கொடுத்தது தேவையில்லாதது. "இரண்டு மடங்கு" என்றுதானே எழுதினார்? இறுக்கம் என்று எங்கே எழுதினார்?

நாலுபன்னிரண்டு:
சொல்லைப் பிடித்துத் தொங்குவது உங்கள் வழக்கம். போன வருடம் 6எல்6 டியூப் போடும் ஆம்பில் இஎல்34 செருகலாம் என்று எழுதியவர் நீங்கள். என் நண்பன் அதை நம்பி பவர் டிரான்ஸ்ஃபார்மரை எரித்தான். நான் மறக்கவில்லை.

பின்திறப்பு:
முழுவதும் படிக்காமல் கை வைத்தவருக்கு நான் பொறுப்பில்லை. டியூபைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6எல்6ல் 0.9 ஆம்பியர், இஎல்34ல் 1.5. நான்கு டியூபுக்கு 3.6 ஆக இருந்தது 6 ஆகும், அதை டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டும், டியூபின் 1ஆம் முள்ளையும் 8ஆம் முள்ளையும் இணைக்க வேண்டும், பயாஸை (டியூப் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை) திரும்பச் சரிசெய்ய வேண்டும். அத்தனையும் அதே பதிவில் இருந்தது. பேச்சை மாற்றாதீர்கள். 3 டெசிபெல்.

பழையரேடியோ:
எல்லோரும் டியூப் டியூப் என்கிறீர்கள். தமிழில் அதற்கு வால்வு என்றுதான் பெயர். வால்வு ரேடியோ என்று கேள்விப்பட்டதே இல்லையா?

நாலுபன்னிரண்டு:
ஐயா, இப்போது அதுவா முக்கியம்?

பழையரேடியோ:
முக்கியம்தான். பெயரே சரியாக வராதவர்கள் டெசிபெலைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

சாலிடர்கை:
அந்தப் பையனுடைய கேபினெட் திறந்ததா மூடியதா என்று யாராவது கேட்டீர்களா? பின்பக்கம் திறந்திருந்தால் பின்னால் போகும் அலை முன்னால் வருவதோடு மோதி கீழ் ஸ்தாயி கரைந்துவிடும், ஒலி அறை முழுக்கப் பரவும். மூடியதில் அடி கெட்டியாக முன்னால் வரும். அது தெரியாமல் ஸ்பீக்கரும் சொல்ல முடியாது, ஆம்பும் சொல்ல முடியாது.

பின்திறப்பு:
எந்தக் கேபினெட்டாக இருந்தாலும் கணக்கு இதுதான். ஒரு வாட் அளவோடு 50 வாட்டுக்கு 17 டெசிபெல், 100 வாட்டுக்கு 20 கூட்டுங்கள். 50 வாட் விண்டேஜ் 30ல்: 117. 100 வாட் கிரீன்பேக்கில்: 118. இத்தனை பணத்துக்கும் முதுகுவலிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு டெசிபெல். இதை மறுத்து எழுதுங்கள்.

நாலுபன்னிரண்டு:
மறுக்க வேண்டியதில்லை. 100 வாட்டையும் விண்டேஜ் 30லேயே போட்டால் 120. அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

பின்திறப்பு:
117க்கும் 120க்கும் எவ்வளவு வித்தியாசம்? நீங்களே சொல்லுங்கள்.