மூன்று தொடலிகள் வர வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டு மட்டுமே வருகின்றன

மல்லாவி மாணவி:
வணக்கம். இணைந்த கணிதத்தில், எக்ஸ் அச்சுக்குச் சமாந்தரமான தொடலிகளைக் காணும் கணக்கு ஒன்றில் சிக்கியிருக்கிறேன். விடையில் மூன்று தொடலிகள் உள்ளன; எனக்கு இரண்டுதான் வருகின்றன. நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். நாளைக் காலை வகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
தங்கச்சி, எந்த வளையி? எக்ஸின் வீச்சு என்ன? இவை இரண்டும் இல்லாமல் எவராலும் உதவ முடியாது.

துணுக்காய் அண்ணா:
கணிப்பான் பாகையில் இருக்கிறதா, ஆரையனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விடை தவறுவது இதனால்தான்.

பழைய வினாத்தாள்:
உயர்தரப் பரீட்சையில் இந்தப் பாடத்துக்குக் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை என்பதைத் துணுக்காய் அண்ணா அறிந்திருக்க வேண்டும். மாணவிக்கு ஒன்று சொல்கிறேன்: வினாவையே முழுமையாக எழுதாதவர் விடையை முழுமையாக எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த இழையில் இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

நெடுங்கேணி அக்கா:
பிள்ளை அவசரத்தில் கேட்டிருக்கிறாள், அதற்கு இத்தனை கடுமை வேண்டாம். வளையியின் சமன்பாட்டோடு உங்கள் செய்கையையும் வரிக்கு வரி எழுதுங்கள், தங்கச்சி. பிழை அநேகமாக விடையில் தெரியாது, இடையில் உள்ள ஒரு வரியில்தான் இருக்கும்.

மல்லாவி மாணவி:
மன்னிக்கவும், எழுதியதாகவே நினைத்துவிட்டேன். வளையி வை = 2 சைன் எக்ஸ் + சைன் 2எக்ஸ். வீச்சு 0 இலிருந்து 2பை வரை. பெறுதியை, அதாவது வளையியின் சாய்வைத் தரும் கோவையை, பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் கோசைன் எக்ஸ் + கோசைன் 2எக்ஸ் = 0 என்று வருகிறது. கோசைன் 2எக்ஸுக்கு 1 − 2 சைன் வர்க்கம் எக்ஸ் என்று பிரதியிட்டேன். அப்போது 1 + கோசைன் எக்ஸ் = 2 சைன் வர்க்கம் எக்ஸ் = 2(1 − கோசைன் எக்ஸ்)(1 + கோசைன் எக்ஸ்). இரண்டு பக்கத்தையும் வெட்டினால் கோசைன் எக்ஸ் = 1/2. ஆகவே எக்ஸ் = பை/3, 5பை/3. தொடலிகள் வை = 3√3/2, வை = −3√3/2. விடையில் வை = 0 என்றும் ஒன்று இருக்கிறது.

நெடுங்கேணி அக்கா:
"வெட்டினால்" என்று நீங்கள் எழுதிய சொல்லில்தான் மூன்றாவது தொடலி போயிருக்கிறது. 1 + கோசைன் எக்ஸ் என்பதால் இரு பக்கத்தையும் வகுத்திருக்கிறீர்கள். அது பூச்சியமாக இருக்கும் இடத்தில் அப்படி வகுக்க முடியாது, அந்த இடமோ உங்கள் சமன்பாட்டின் ஒரு தீர்வு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து காரணியாக்குங்கள்: (1 + கோசைன் எக்ஸ்)(2 கோசைன் எக்ஸ் − 1) = 0. முதற்காரணி கோசைன் எக்ஸ் = −1 என்பதைத் தருகிறது. அந்த வீச்சில் அது எக்ஸ் = பை என்ற ஒரே இடத்தில் நிகழ்கிறது, அங்கே வை = 0. மாறி உள்ள கோவை ஒன்றால் வகுக்கும் முன், அது பூச்சியமாகக் கூடுமா என்று ஓரத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

துணுக்காய் அண்ணா:
பொதுத்தீர்வால் போயிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. கோசைன் 2எக்ஸ் = கோசைன் (பை − எக்ஸ்) என்று எழுதினால் 2எக்ஸ் = 2என்பை ± (பை − எக்ஸ்); இங்கே 'என்' ஒரு நிறைவெண். கூட்டற்குறி எக்ஸ் = (2என் + 1)பை/3 என்பதைத் தரும்; கழித்தற்குறி தரும் தீர்வுகள் யாவும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 'என்' 0, 1, 2 ஆகும்போது பை/3, பை, 5பை/3 என மூன்றும் வந்துவிடுகின்றன.

பழைய வினாத்தாள்:
செய்கை சரி, ஆனால் விடையை நான் ஏற்கவில்லை. எக்ஸ் = பை திரும்பற் புள்ளியே (வளையி ஏறி இறங்கும் அல்லது இறங்கி ஏறும் இடமே) அல்ல. அதற்கு இடப்புறம் வளையி அச்சுக்கு மேலே இருக்கிறது, வலப்புறம் கீழே போகிறது. ஆகவே வை = 0 என்ற கோடு அங்கே வளையியை வெட்டிச் செல்கிறது. வெட்டிச் செல்லும் கோடு எப்படித் தொடலியாகும்? தரம் 11 இல் படித்த வரையறையையே பலர் மறந்துவிட்டார்கள். விடை எழுதியவர் பிழை விட்டிருக்கிறார்.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்:
ஐயா, தரம் 11 இல் நாம் படிப்பிப்பது வட்டத்தின் தொடலியை. தொடும் கோடு வட்டத்தை வெட்டாது என்று யூக்கிளிட் வகுத்தது வட்டத்துக்குப் பொருந்தும், எல்லா வளையிக்கும் பொருந்தாது. சைன் வளையிக்கு உற்பத்தியில், அதாவது அச்சுகள் சந்திக்கும் (0, 0) இல், வரையும் தொடலி வை = எக்ஸ்; அதுவும் அங்கே வளையியை ஊடறுத்தே செல்கிறது. அதே வளையிக்கு வை = 1 என்ற தொடலியோ எண்ணற்ற இடங்களில் தொடுகிறது. "ஒரு புள்ளியில் தொட்டு வெட்டாமல் போவது" என்ற எண்ணத்தோடு வகையிடலுக்குள் நுழையும் பிள்ளைகள் விபத்திப் புள்ளிக்கு (இங்கே எக்ஸ் = பை போல, வளைவின் பக்கம் மாறும் புள்ளிக்கு) வந்ததும் தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1684 இல் எழுதியபடி, வளையியில் முடிவின்றி நெருங்கிய இரு புள்ளிகளை இணைக்கும் கோடே தொடலி. இந்தக் கணக்கில் அதைச் செய்து பார்க்கலாம். எக்ஸ் = பை + டீ என்று பிரதியிட்டால் வை = −2 சைன் டீ (1 − கோசைன் டீ) ஆகிறது. பை இல் உள்ள புள்ளியிலிருந்து டீ = 0.5 இல் உள்ள புள்ளிக்கு வரையும் நாணின் படித்திறன் (சாய்வு) ஏறத்தாழ −0.23. டீ = 0.1 ஆனால் அது ஏறத்தாழ −0.01. டீ பூச்சியத்தை நெருங்க, இடப்புறத்தால் வந்தாலும் வலப்புறத்தால் வந்தாலும் படித்திறன் பூச்சியத்தையே நெருங்குகிறது. ஆகவே வை = 0 தொடலியேதான்.

என் வகுப்பில் இதற்குப் பனையோலை ஈர்க்கு ஒன்றை எடுப்பேன். வரைபுத்தாளில் வளையியைப் பெரிதாக வரைந்து, (பை, 0) இல் ஈர்க்கை நகத்தால் அழுத்திப் பிடித்து, மறு விரலால் அதை வளையியின் அடுத்த புள்ளிகள் வழியே மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தால், அது அச்சின் மேல் வந்து படுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள்.

பழைய வினாத்தாள்:
நாணின் எல்லையாக வரையறுத்தால் தாங்கள் சொல்வது சரி, ஏற்கிறேன். ஆனாலும் வினாவில் "தொடலி" என்பதன் வரையறையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

நெடுங்கேணி அக்கா:
வகையிடலுக்குள் வந்த பின் தொடலிக்கு அந்த ஒரு வரையறைதான், ஐயா. வினாவில் தனியே எழுதத் தேவையில்லை. தங்கச்சி, உங்களுக்கு விளங்கியதா?

மாங்குளத்தான்:
பிள்ளையைக் காணவில்லையே.

மல்லாவி மாணவி:
இப்போதுதான் பார்த்தேன். காரணியாக்கியதும் மூன்றும் வந்துவிட்டன. பழைய கொப்பியைப் புரட்டியபோது, சென்ற வாரத்துக் கணக்கிலும் சைன் எக்ஸால் வகுத்து இரண்டு தீர்வுகளைத் தொலைத்திருந்ததைக் கண்டேன், அதையும் திருத்திவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.