பூங்காவுக்கு மூன்று வாசல் வேண்டும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் அமைக்க நினைக்கும் பூங்காவுக்குச் சிங்கப்பூர் தம்பி அனுப்பிய வரைபடத்தை அச்செடுத்து நிதானமாகப் பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனால் ஒரு விஷயத்தை மாற்றாமல் வேலை தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. வாசல் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கோயில் தெருவைப் பார்த்து. நாம் எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். அம்பேத்கர் நகர்ப் பிள்ளைகள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த வாசலில் நுழைவார்கள் என்று நம்மில் யாராவது மனதாரச் சொல்ல முடியுமா? எதிர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், யாரும் தடுக்காமலே பாதி ஊர் வெளியே நின்றுவிடும்.

அதனால் அம்பேத்கர் நகர்ப் பக்கம் ஒரு வாசல், குப்பத்து மண்பாதை வந்து சேரும் மூலையில் ஒரு வாசல், இப்போது வரைந்திருப்பது ஒன்று. மூன்றுக்கும் ஒரே அகலம், ஒரே மாதிரி கதவு. எதையும் பின்வாசல் என்று யாரும் சொல்லும்படி இருக்கக் கூடாது. அலங்கார வளைவையும் நீரூற்றையும் விட்டுவிட்டால் செலவு சரியாகிவிடும். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்ப் பலகையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது நிழலும் கழிப்பறையும். மீன் விற்றுவிட்டு உச்சி வெயிலில் கூடையோடு திரும்பும் அம்மாக்கள் உட்கார இடம் இல்லாமல்தான் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறார்கள். புதுச்சேரி பாரதி பூங்காவில் மத்தியானத்திலும் ஆள் இருப்பதற்குக் காரணம் ஆயி மண்டபம் மட்டும் இல்லை, அந்த மரங்கள். நம் உப்புக் காற்றுக்குப் பூவரசு, புன்னை, புங்கம் தாங்கும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை மறந்துவிடாமல், கடல் பக்க ஓரத்தில் பனை வரிசை வைக்கலாம். ஒரு பாதிரி மரமும் நட வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் என்ற பேரிலேயே இருக்கும் மரம், நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திறந்த திடல் ஒன்றை மட்டும் விட்டால் கிரிக்கெட் மட்டை வந்துவிடும், பத்து வயது தாண்டிய பெண்கள் வேலி ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுக்கென்று விளக்கு வெளிச்சத்தோடு ஒரு கைப்பந்துக் களம், பக்கத்திலேயே அம்மாக்கள் உட்காரும் திண்ணை வேண்டும். எங்கே அமைப்பது என்று அவர்களையே கேளுங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களையும் கேளுங்கள்; ஞாயிற்றுக்கிழமை குழந்தையை எங்கும் அழைத்துப் போக வழியில்லாதவர்கள் அவர்கள்தான்.

வடகிழக்குப் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். 2015 நவம்பரில் தெருக்களில் நின்ற தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் வடிந்தது. அதைக் குட்டையாகவே விட்டு, கரையை நடைபாதை ஆக்கலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். வரைபடத்தில் இருப்பது செங்குத்து. சறுக்கு மரத்தின் அடியில் சிமெண்ட் கல் வேண்டாம், மணல் போதும்.

பண விஷயம்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் கொடுத்தால் வரும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். ஊர் மக்களும் பங்கு போடும் அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் இந்தப் பணத்தை ஊர்ப் பங்காகக் காட்ட முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்கு முன் ஊருக்குப் போகிறவர்கள் வி.ஏ.ஓ.விடம் உள்ள நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடம் என்ன புறம்போக்கு என்று பார்த்து இங்கே எழுதுங்கள். நீர்நிலை என்று இருந்தால் கட்டடம் எதுவும் கூடாது, திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மூன்று வாசலுக்குச் சம்மதம் இருப்பவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். மறுப்பு இருந்தாலும் இங்கேயே, எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்.

அன்புடன்,
கிழக்குத் தெரு அண்ணன், மஸ்கட்