சித்தப்பாவின் பி.எஃப் பணம்: மாடி எடுக்கவா, வட்டிக்குப் போடவா?

தக்கலை சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணக்கு முடிந்து பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 26 லட்சம் வங்கியில் வந்து கிடக்கிறது. மாசப் பென்ஷன் 4,000 சொச்சம்தான். ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீங்களும் சொல்லுங்கள்.

மஸ்கட் தம்பி: அப்பா, நான் சொன்னதுதான். வீட்டுக்கு மேலே மாடி எடுப்போம். 15 லட்சத்தில் முடித்துவிடலாம், வாடகையும் வரும்.

கருங்கல் மாமா: மச்சான், இங்கே ஒரு ஃபைனான்ஸில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி தருகிறார்கள். 10 லட்சம் போட்டால் மாசம் 15,000. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருஷமாகத் தவறாமல் வாங்குகிறார்.

சித்தி: எனக்குப் பயமாக இருக்கிறது. தங்கமாக வாங்கிப் போட்டால் என்ன?

நாகர்கோவில் அக்கா: சித்தப்பா, யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருந்து தினமும் இதைத்தான் பார்க்கிறேன். எங்கே போடுவது என்பது அப்புறம். வீட்டுக்கு மாசம் எவ்வளவு வேணும்?

தக்கலை சித்தப்பா: மாத்திரை, கரண்ட், பலசரக்கு, மீன், கல்யாண வீடு எல்லாம் சேர்த்து 20,000 ஆகும் மக்ளே. ரப்பரில் கொஞ்சம் வரும், ஆனால் மழை பிடித்தால் பால் வெட்டு கிடையாது, இலை உதிர்கிற காலத்திலும் கிடையாது.

நாகர்கோவில் அக்கா: அப்படியென்றால் பென்ஷன் போக 16,000 துண்டு விழுகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போடுங்கள். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை 30,750 வரும், மாசத்துக்குப் பிரித்தால் 10,250. போடுகிற நாளில் உள்ள வட்டிதான் ஐந்து வருஷமும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாசம் பிறந்ததும் கணக்கில் விழும், ஜூலையில் மழைக்கு வெட்டு நிற்கும்போது அது கைகொடுக்கும். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் 6 லட்சம், அதற்கு 7.4 சதவீதம், மாசம் 3,700. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 14,000. மீதி 2,000 ரப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

கருங்கல் மாமா: மூத்த குடிமக்கள் என்றால் 60 ஆகணுமே? மச்சானுக்கு 58தானே.

நாகர்கோவில் அக்கா: வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் 55 முடிந்திருந்தாலே போடலாம் மாமா. ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாசத்துக்குள் போடணும், வந்த பணத்துக்கு மேலே போடக்கூடாது. இந்தத் திட்டத்தில் ஏஜெண்டுக்கு கமிஷன் இல்லை, அதனால் வீடு தேடி வந்து யாரும் சொல்வதில்லை. அந்த ஃபைனான்ஸ் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். வங்கி என்றால் ஒரு ஆளுக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, ஃபைனான்ஸ்காரரிடம் அது கிடையாது. ஒரு வருஷம் வட்டி வந்தது சரி. அசலைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாரா பக்கத்து வீட்டுக்காரர்?

கருங்கல் மாமா: கேட்டதில்லை. நீ சொல்வது சரிதான்.

மஸ்கட் தம்பி: அக்கா, மாடி?

நாகர்கோவில் அக்கா: தக்கலையில் அந்த மாடிக்கு வாடகை 5,000 வருமா? வருஷம் 60,000. அதே 15 லட்சத்துக்கு தபால் ஆபீஸில் 1,23,000. அது போக, ராத்திரி 2 மணிக்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் ஒரு ரூமை மட்டும் விற்க முடியுமா தம்பி? மாடி உனக்கு வேணும் என்றால் உன் சம்பளத்தில் லோன் போட்டு எடு, உனக்கு இன்னும் 25 வருஷ வேலை இருக்கிறது. அப்பாவுக்கு இனி பி.எஃப் வரப்போவதில்லை.

மஸ்கட் தம்பி: சரி அக்கா. நான் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

சித்தி: மிச்சம் 5 லட்சம் இருக்கே, அதிலாவது தங்கம்?

நாகர்கோவில் அக்கா: அதில் 2 லட்சம் ஆஸ்பத்திரிக்கு, உடனே எடுக்கிற மாதிரி வங்கியில் இருக்கட்டும். 3 லட்சத்தை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பெரிய 50 கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடுகிற மியூச்சுவல் ஃபண்டில் போட்டு பத்து வருஷம் தொடாமல் விடுங்கள், நடுவில் இறங்கும், பயந்து எடுத்துவிடக் கூடாது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இன்றைய 20,000 ரூபாய்ச் செலவு 40,000 ஆகிவிடும் சித்தி, நம்முடைய வட்டியோ அதே 14,000தான். அதற்கு இந்த 3 லட்சம் மட்டும் போதாது. தம்பி மாசம் 5,000 அப்பா கணக்குக்கு அனுப்பி, அதை அதே ஃபண்டில் அப்பா பெயரில் போட்டால் பெரிய தெம்பு. தங்கம் உங்கள் கழுத்தில் இருப்பது போதும்.

மஸ்கட் தம்பி: அடுத்த மாசத்திலிருந்து அனுப்புகிறேன்.

தக்கலை சித்தப்பா: நடுவில் பணம் தேவைப்பட்டால் அந்த 15 லட்சத்தில் கொஞ்சம் எடுக்க முடியுமா?

நாகர்கோவில் அக்கா: ஒரே கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடியாது, முழுசாகத்தான் முடிக்கணும். அதனால் 5 லட்சம் வீதம் மூன்று கணக்காகத் தொடங்குவோம், தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்கப்புறம் ஒரு சதவீதம் போகும். வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க அதற்கான உறுதிமொழிப் படிவமும் கொடுக்கணும்.

தக்கலை சித்தப்பா: அப்படியே செய்வோம். என்னென்ன கொண்டு வரணும்?

நாகர்கோவில் அக்கா: ஆதார், பான் கார்டு, போட்டோ, அப்புறம் எந்தத் தேதியில் ஓய்வு, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று அண்டி ஆபீஸில் ஒரு கடிதம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். சித்தியையும் கூட்டி வாருங்கள், மூன்று கணக்கும் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும், சித்தியும் கையெழுத்துப் போடணும்.

சித்தி: வருகிறேன் மக்ளே. பாஸ்புக் என் பீரோவில்தான் இருக்கும்.