புதுப்பிப்பு: தீவுப்பகுதிக் கடலோரக் காவற்கோபுரம், அடிச்சுவர் அரிப்பு

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கம் இடிந்து நிற்கும் பழைய காவற்கோபுரத்தின் அடி அரிபடுகிறது, சீமெந்து பூசலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஒரே இடத்தில் நின்று அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொன்ன யோசனைதான். மாரிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டோம். எதிர்பாராத விஷயம்: அலை அடிக்கும் பக்கத்தைவிடத் தரைப்பக்கம்தான் மோசம். மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்கி மண்ணைக் கழுவுகிறது. முருகைக்கற்களுக்கு (கடற்பவளப் பாறையில் வெட்டிய கற்கள்) இடையில் சாந்து மாவாக உதிர்ந்து, விரல் உள்ளே போகிறது.

சீமெந்து வேண்டவே வேண்டாம் என்ற அண்ணை சொன்னது சரி. உப்பீரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, உப்பு பளிங்காகிக் கல்லையே உடைக்கும். நெடுந்தீவுக் கோட்டை போன்ற முருகைக்கல் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஒத்துவரும்.

ஆனால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருப்பதால், தொல்பொருள் திணைக்கள அனுமதியில்லாமல் நாங்களாகக் கை வைக்கவில்லை. படங்களையும் அளவுகளையும் கோவையாக்கிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அலையைத் தடுக்கக் கரையில் கல் அடுக்கி அணை போடுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் போகவேண்டும். அப்புறம், சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வந்துவிடும்.