தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவு வரும்வரை தொண்டை அடைப்பை எப்படிச் சமாளிப்பது?

தஞ்சை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சில மாதங்களாகக் கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு உருண்டை சிக்கிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு இருந்துகொண்டே இருக்கிறது. சாப்பிடும்போது சோறும் இட்லியும் தடையின்றி இறங்கிவிடுகின்றன. ஆனால் எச்சிலை விழுங்கினால் மட்டும் ஏதோ தடுப்பதாகத் தோன்றுகிறது. மாலையில் வகுப்புகள் முடிந்த பிறகு இது அதிகமாகி, அடிக்கடி தொண்டையைக் கனைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்ப மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு 5.8 என்று, சற்றுக் கூடுதலாக வந்தது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருக்கிறது. ஸ்கேனில் தைராய்டின் வலப்பக்கத்தில் 1.6 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது (கட்டியின் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் வரிசையில்) 'டைராட்ஸ் 4' என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஊசி மூலம் திசு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்கிறார்கள்.

என் அத்தைக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்ததைச் சிறு வயதில் பார்த்தவள் நான். அதனாலோ என்னவோ, இப்போது கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. இந்த அடைப்பு உணர்வுக்கு அந்தக் கட்டிதான் காரணமா? முடிவு வரும்வரை தொண்டைக்கு என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொங்கு அம்மா:

வணக்கம் சகோதரி. இதே நிலையில் இருந்து மீண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு இருந்த கட்டி உங்களுடையதைவிடச் சற்றுப் பெரியது. முடிவில் அது தீங்கற்றது என்று தெரிந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த நல்ல செய்தி வந்த பிறகும் தொண்டை அடைப்பு போகவில்லை. பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்துவிட்டு, குரல்வளையின் பின்பகுதி சிவந்திருப்பதாகவும், வயிற்று அமிலம் மேலே ஏறி வருவது காரணமாக இருக்கலாம் என்றும் கூறினார். எனக்கு நெஞ்செரிச்சலே இருந்ததில்லை என்றேன். அமிலம் தொண்டை வரை வரும் பலருக்கு நெஞ்செரிச்சல் இருக்காது என்றார்.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்குத் தோசையும் காரச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது வழக்கம். இரவு உணவை ஏழரை மணிக்கு மாற்றியதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதும் எனக்கு மெல்ல மெல்லப் பயன் தந்தன. தலையணைகளை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்துவதால் அது வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். கனைப்பதற்குப் பதிலாக ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கனைக்கக் கனைக்கக் குரல்நாண்கள் உராய்ந்து, மறுபடியும் கனைக்கத் தூண்டும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் அடியோடு நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்திவிட்டேன்.

ஆய்வகத்தில் இருப்பவன்:

வணக்கம். நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பனராகப் பணிபுரிகிறேன், மருத்துவன் அல்லன். முதலில் முட்டைக்கோஸ் பற்றி: கொங்கு அம்மா மன்னிக்க வேண்டும். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஒருவர் சமைத்த முட்டைக்கோஸை வழக்கமான அளவில் சாப்பிடுவதால் தைராய்டுக்குக் கேடு விளையாது. நம் நாட்டில் உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம். அதைவிட எச்சரிக்கை தேவைப்படுவது, தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் அயோடின் சொட்டு மருந்துகளிலும் கடற்பாசி மாத்திரைகளிலும்தான். அயோடின் மிகுந்தாலும் சிலருக்குத் தைராய்டின் இயக்கம் கெடும்.

முடிவு ஏன் தாமதமாகிறது என்ற கவலை இத்தகைய நோயாளிகள் பலருக்கும் உண்டு. ஊசியில் வந்த சிறிதளவு திரவத்தைக் கண்ணாடித் தகடுகளில் பரப்பி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டும் சிலவற்றை ஆல்கஹாலில் வைத்தும் வெவ்வேறு சாயங்கள் ஏற்றுகிறோம். பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் ஒவ்வொரு தகட்டையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஐயம் இருந்தால் இன்னொருவரிடமும் காட்டுகிறார். ஆகவே முடிவு இரண்டு நாள் தள்ளிப்போவதை வைத்துக் கெட்ட செய்தி என்று முடிவு கட்ட வேண்டாம்.

அறிக்கையில் 'பெதஸ்டா' என்ற முறைப்படி ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் இருக்கும். இரண்டு என்றால் தீங்கற்றது. பெரும்பாலான கட்டிகள் இந்த வகையில்தான் அடங்குகின்றன. ஆறு என்றால் புற்றுநோய். ஒன்று என்று வந்தால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள், சிலர் நடுங்கிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை, போதுமான செல்கள் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பத்துச் செல்களாவது கொண்ட ஆறு கூட்டங்களாவது தெரிந்தால்தான் பொதுவாக மாதிரி போதுமானது என்று எழுதுவார்கள். இல்லாவிட்டால் மீண்டும் ஊசி போட வேண்டியிருக்கும். மூன்றும் நான்கும் உறுதியாகச் சொல்ல முடியாத வகைகள் என்பதால், அடுத்து என்ன செய்வது என்பதை ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். ஸ்கேனில் வந்த 4 வேறு, இதில் வரப்போகும் எண் வேறு. ஸ்கேன் முறையில் நான்காம் வகைக் கட்டிகளுக்குப் புற்றுநோய் வாய்ப்பு 5 முதல் 20 சதவீதம் என்று கொள்கிறார்கள், 1.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்வது அதன் வழக்கமான நடைமுறை. எனவே உங்களுக்கு மட்டும் தனியாக எதையோ சந்தேகப்பட்டு ஊசி போட்டதாக எண்ண வேண்டாம்.

முடி கொட்டுவதைத் தடுக்க பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாளாவது நிறுத்துங்கள். சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

சகோதரி, உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரிதான்: சோறு இறங்குகிறது, எச்சில்தான் தடுக்கிறது. உண்மையான அடைப்பு என்றால் முதலில் கெட்டியான உணவு சிக்கும், நாளாக ஆகத் தண்ணீரும் சிரமப்படும். உணவு உண்ணும்போது உணர்வு குறைந்து வெறும் எச்சிலின்போது கூடுவதைத் தொண்டை உருண்டை உணர்வு என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். அமிலம், தொண்டைத் தசைகளின் இறுக்கம், மனப் பதற்றம் ஆகியவற்றோடு அது சேர்ந்து வரும். நாள் முழுவதும் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்குத் தசை இறுக்கம் வருவதில் வியப்பில்லை. 1.6 செ.மீ. கட்டி உணவுக்குழாயை அழுத்துவது வழக்கமன்று. ஆனாலும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது என்பதால், கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். கட்டிக்கு ஒரு பதிலும் தொண்டைக்கு ஒரு பதிலும் தனித்தனியாக வரக்கூடும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பது நல்லது.

5.8 என்பதும் டி4 சரியாக இருக்கும்போது பெரிய ஏற்றமன்று. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், கூடவே உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குகிறதா என்று அறிய உதவும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பரிசோதனையும் எழுதக்கூடும்.

கழுத்தைத் தடவுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் கன்றியும் வலித்தும் இருக்கும். அதை அழுத்த அழுத்த வலி நீடிக்கும், மனமும் அங்கேயே நிற்கும். ஆனால் பின்வருவன வந்தால் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கழுத்து வேகமாக வீங்கினாலோ, மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கெட்டி உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, இருமலில் இரத்தம், ஒரு பக்கக் காதில் விடாத வலி, மூன்று வாரத்துக்கு மேல் தொடரும் குரல் கம்மல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். குரல்நாணை இயக்கும் நரம்புகள் தைராய்டுக்குப் பின்னால் செல்வதால், குரல் மாறினால் அலட்சியம் கூடாது.

தஞ்சை ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. குரல் கம்மல் இல்லை, எடையும் குறையவில்லை. பயோட்டின் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து இரவு உணவை முன்னதாக முடிக்க முயல்கிறேன், இருப்பினும் பிள்ளைகளின் டியூஷன் நேரத்தால் ஏழரை என்பது கடினம்தான். முடிவு வரும்வரை வகுப்பு எடுக்கலாமா, விடுப்பு எடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:

குரல் நன்றாக இருக்கும்வரை விடுப்பு தேவையில்லை; வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். வகுப்பில் கத்தாமல் இருக்க, ஆசிரியர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்திப் பாருங்கள். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டாலும் பரவாயில்லை, படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் போதும். அறிக்கை வாங்கச் செல்லும்போது ஸ்கேன் படத்தையும் பழைய இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்; உங்களுடன் இன்னொருவரும் வந்தால், மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள உதவியாக இருக்கும்.