ஆசிரியருக்குக் கற்றுத்தருபவருக்கு ஒரு சொல் தேவை

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவர்கள். இப்போது ஆசிரியர்களுக்கும், பள்ளிக்கு வெளியே இளவயதினரோடு வேலை செய்பவர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். முன்னுரையின் முதல் வரியிலேயே 'டீச்சர் எஜுகேட்டர்' வந்துவிடுகிறது. அடுத்த வரியில் 'யூத் சப்போர்ட் ஸ்டாஃப்'.

'ஆசிரியர் பயிற்சியாளர்', 'இளைஞர் ஆதரவாளர்' என்று எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லைப் பார்த்த தோழி, பி.எட். படிக்கிறவர்களா என்று கேட்டாள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு எந்தக் கட்சி என்றாள். கை கொடுங்கள்.

—

அனுப்புநர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், மதுரை

அம்மா, உங்கள் தோழி கேட்டதில் தப்பே இல்லை. பயிற்சி தருபவரும் பயிற்சியாளர்தான், பெறுபவரும் பயிற்சியாளர்தான் என்று நாம் புழங்கிவிட்டோம். 'பயிற்சி ஆசிரியர்', 'பயிற்சி மருத்துவர்', 'பயிற்சி ஆட்சியர்' எல்லோரும் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். இந்த இடத்தில் 'பயிற்சி' என்று தொடங்கும் எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

'ஆசிரியர் பயிற்றுநர்' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் அது ஒரு பதவியின் பெயர். வட்டார வள மையத்தில் இருப்பவர், பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பவர், பேச்சில் 'பி.ஆர்.டி.' சார் அல்லது மேடம். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் வந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இருப்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். அவருக்குப் பெயர் விரிவுரையாளர். கல்வியியல் கல்லூரியில் பி.எட். நடத்துபவர் உதவிப் பேராசிரியர். தொண்டு நிறுவனத்தில் இருப்பவருக்குத் தமிழில் பெயரே கிடையாது. ஒரே தொழிலைச் செய்யும் நான்கு பேரில் ஒருவருடைய பதவிப் பெயரை எடுத்து எல்லோருக்கும் மாட்டினால் வாசகர் நேரே வட்டார வள மையத்துக்குப் போய்விடுவார்.

அடுத்தது 'கருத்தாளர்'. நம் பயிற்சிக் கூடங்களில் தினமும் புழங்கும் சொல். மாநில அளவில் கற்று வந்த முதன்மைக் கருத்தாளர் மாவட்டத்தில் சொல்லித் தருவார், மாவட்டத்தில் கற்றவர் ஒன்றியத்தில் சொல்லித் தருவார். ஆனால் அது அந்தச் சில நாட்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் வேடம். பயிற்சி முடிந்ததும் அவர் தன் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். உங்கள் கையேட்டுக்காரர்கள் இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள். 'கல்வியாளர்' வேண்டவே வேண்டாம். கல்லூரி கட்டியவரெல்லாம் செய்தித்தாளில் கல்வியாளர் ஆகிவிட்டார்கள், இன்னும் இரண்டு கட்டடம் எழுப்பினால் கல்வித் தந்தை.

என் யோசனை இது. பயில், பயிற்று, பயிற்றுவி. பயில்பவர் மாணவர். அவரைப் பயில வைப்பவர், அதாவது பயிற்றுபவர், ஆசிரியர். அந்த ஆசிரியரைப் பயிற்ற வைப்பவர் பயிற்றுவிப்பவர். 'வி' ஒரு படி மேலே கொண்டுபோகிறது. செய்வி, செய்விப்பி என்று ஏவலை அடுக்குவதை நன்னூலே 'ஈரேவல்' என்று ஏற்கிறது. ஆகவே 'பயிற்றுவிப்பாளர்'.

'பயிற்றுவி' என்பதை இன்று சும்மா 'பயிற்சி கொடு' என்ற பொருளில்தானே எழுதுகிறார்கள் என்பீர்கள். ஆமாம். அந்த 'வி' வேலையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்கிறேன்.

இந்த மூன்றாம் படிக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவது ஒரு திறமை. பின்னம் நடத்தும் ஆசிரியரைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டு, எந்தப் பிள்ளையின் தப்பான பதிலைக் காது கொடுத்துக் கேட்காமல் தாண்டிப் போனார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது வேறு திறமை. முதலாவது இருக்கிறவரிடம் இரண்டாவது இருந்தே தீரும் என்று நினைத்துத்தான் 'நல்லா பாடம் நடத்துறார், ட்ரெய்னிங் கொடுக்கப் போடுங்க' என்று அனுப்புகிறோம். அவர் போய் 20 வருட அனுபவம் உள்ள ஆசிரியர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துவது போலவே நடத்துவார். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். வளர்ந்தவர்கள் கையில் பழக்கமான முறை ஒன்று இருக்கிறது, அது ஓரளவு வேலையும் செய்கிறது. அதைக் கைவிடச் சொல்வதற்கு முன் அது எங்கே சறுக்குகிறது என்று அவர்களே பார்க்க வேண்டும். நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நல்லாசிரியருக்கு நன்னூல் உவமை அடுக்குகிறது. ஆசிரியரை ஆக்குபவருக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வேலை நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைதானே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான்? அவனைத் தயார் செய்தவர் வாத்தியார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்த ஏற்பாட்டை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூர் அனாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் நடைமுறைப்படுத்தி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். முறை ஊர் ஊராகப் போனது, வாத்தியாரின் அந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லை.

—

அனுப்புநர்: ஆசிரிய ஆலோசகர், யாழ்ப்பாணம்

வணக்கம் ஐயா. விளக்கம் நன்று. ஆனால் எங்கள் பக்கத்தில் 'பயிற்றுவிப்பாளர்' என்றவுடன் நினைவுக்கு வருபவர் கிரிக்கெட் அணியோடு வருபவர். 'தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி விலகினார்' என்று விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி வாசிக்கிறோம். நீங்கள் அங்கே பயிற்சியாளர் என்று எழுதும் ஆள்தான்.

இங்கே புழக்கத்தில் உள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குத் துணை நிற்பவர் ஆசிரிய ஆலோசகர். கல்வியியற் கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு 'ஆசிரியர் கல்வியியலாளர் சேவை' என்று தனிச் சேவையே உண்டு. உங்கள் கருத்தாளர் எங்களுக்கு வளவாளர். (வளவு என்றால் இங்கே வீட்டுக் காணி. ஆனாலும் வளவாளரை யாரும் காணிக்காரர் என்று நினைப்பதில்லை, பழகிவிட்டது.)

'கல்வியியலாளர்' எனக்கு முழுத் திருப்தி இல்லை. கல்வியியலைக் கற்றவர் என்று மட்டுமே அது சொல்கிறது. வகுப்பறையின் பின்வரிசையில் உட்காரும் வேலை அதற்குள் வரவில்லை. ஐயாவின் சொல்லோடு முன்னால் 'ஆசிரியர்' என்று சேர்த்தால் கிரிக்கெட் குழப்பம் போய்விடும். 'ஆசிரியர் பயிற்றுவிப்பாளர்' என்றால் எனக்குச் சம்மதம்.

—

அனுப்புநர்: இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவர், விழுப்புரம்

அக்கா, இரண்டாவது சொல்லை யாருமே கவனிக்கவில்லையே. நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் சொல்கிறேன்.

2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, தெருவில் இருக்கிற 20 பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லித்தருவது எங்கள் வேலை. நான் ஆசிரியர் இல்லை, பி.எட். இல்லை. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், அதே பி.ஆர்.டி. சார்களும் பள்ளி ஆசிரியர்களும்தான். ஆசிரியருக்குக் கொடுக்கிற பயிற்சியை அப்படியே எங்களுக்குக் கொடுத்தால் எப்படி ஒத்துவரும்? எனக்குக் கரும்பலகை கிடையாது, மணி கிடையாது. பிள்ளை எழுந்து போனால் போனதுதான். அதைப் புரிந்துகொண்டு சொல்லித்தந்தவர்கள் சிலர். அதனால் முன்னால் 'ஆசிரியர்' என்று கட்டிப்போட்டால் நாங்கள் வெளியே நிற்போம்.

இப்போது எங்களுக்கு என்ன பெயர்? 'தன்னார்வலர்' என்றால் சம்பளத்துக்கு இதே வேலை செய்பவர்கள் சேர மாட்டார்கள். 'துணைப் பணியாளர்' என்று போட்டுவிடாதீர்கள். துணை என்றாலே நமக்குத் துணைவேந்தர், துணை ஆட்சியர், யாருக்கோ கீழே ஒருவர். 'உதவியாளர்' அதைவிட மோசம், டீ வாங்க அனுப்புவார்கள். 'இளைஞர்' என்பதிலும் எனக்கு ஒரு குறை. செய்தியில் 'இளைஞர், இளம்பெண்' என்று தனித்தனியாக எழுதுகிறார்களே, அப்படியானால் இளைஞர் ஆண் மட்டும்தானே? 'இளையோர்' என்றால் இரண்டு பேரும் வருவார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் 'இளையர்' என்கிறார்கள், அதுவும் அழகுதான். நான் 'இளையோர் பணியாளர்' என்பேன். ஆதரவு, துணை எதுவும் வேண்டாம். பணி என்றாலே போதும்.

—

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

எல்லோருக்கும் நன்றி. விழுப்புரத்துத் தங்கை சொன்னது சரி. பொதுச்சொல்லாக 'பயிற்றுவிப்பாளர்' மட்டும். தேவைப்படும் இடத்தில் முன்னால் 'ஆசிரியர்' சேர்த்துக்கொள்கிறேன். கிரிக்கெட் எங்கும் வராத கையேடு என்பதால் இலங்கை வாசகருக்கும் சிக்கல் இருக்காது. சில நாள் பயிற்சிக்கு மட்டும் வருபவரைக் கருத்தாளர் என்று எழுதி, முதல் இடத்தில் 'இலங்கையில் வளவாளர்' என்று சொல்லிவிடுகிறேன். வட்டார வள மையத்தவர் ஆசிரியர் பயிற்றுநராகவே இருப்பார்.

'அனுபவம் வாய்ந்த' என்பதற்கு முதலில் 'கைதேர்ந்த' என்று போட்டிருந்தேன், திருடன் நினைவு வந்தது. 'மூத்த' என்றால் வயதைச் சொல்வது போல் இருக்கிறது. இப்போதைக்கு வரி இப்படி: "இந்நூலை எழுதியவர்கள் ஆசிரியர்களையும் இளையோர் பணியாளர்களையும் ஆக்கும் தேர்ந்த பயிற்றுவிப்பாளர்கள்."

ஒரு சந்தேகம். ஆசிரியர் பயிற்றுவிப்பாளரா, ஆசிரியர்ப் பயிற்றுவிப்பாளரா? மெய்ப்புப் பார்ப்பவர் 'ப்' போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

—

அனுப்புநர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், மதுரை

'ப்' வேண்டாம் அம்மா. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் வல்லினத்துக்கு முன் இயல்பாகவே நிற்கும். 'இளையோர் பணியாளர்' என்பதற்கும் அதேதான், அங்கேயும் போட்டிருப்பார், பாருங்கள்.